‘22’ என்று குத்தியிருந்தால் போதுமா?

சென்ற பங்குனி மாதம் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றபோது, ஓர் அக்கா என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். இடுப்பில் செருகியிருந்த சிறு பையை எடுத்து, அதற்குள்ளிருந்த கடதாசிச் சுருளை விரித்தார். உள்ளே ஒரு சங்கிலி.

“பிள்ளை, இதில என்ன குத்தியிருக்கெண்டு ஒருக்காப் பாரும்.”

கொழுக்கிக்குப் பக்கத்தில் நெல்மணியளவு தகடு. அதில் தேய்ந்தும் தேயாமலும் ‘22’ என்று இருந்தது. “இருபத்திரண்டு எண்டு இருக்கு அக்கா” என்றேன்.

“அப்ப ஏன் பதினெட்டுத்தான் எண்டு சொல்லுறாங்கள்?”

அவருடைய மூத்த மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருந்தது. விடுதிக்கும் மடிக்கணினிக்கும் காசு வேண்டும். கணவர் 2009 முதல் காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். மாடு வளர்த்துப் பால் விற்றுச் சேர்த்த காசில் 2018 ஆம் ஆண்டு வாங்கிய இரண்டு பவுண் சங்கிலிதான் அந்தக் குடும்பத்தின் ஒரே சேமிப்பு. விற்பதற்கென்று நகரத்துக்குக் கொண்டு போனார். முதற் கடையில் உரைத்துப் பார்த்து, இது 18 கரட் என்றார்கள். நம்பாமல் அடுத்த கடைக்குப் போனார். அங்கும் அதே பதில். வாங்கிய கடைக்கே திரும்பிப் போனபோது பற்றுச்சீட்டைக் கேட்டார்கள். அவர் பத்திரமாக வைத்திருந்த பற்றுச்சீட்டில் ‘சங்கிலி 1’ என்றும், ஒரு தொகையும், திகதியும் இருந்தன. எடையும் இல்லை, கரட்டும் இல்லை. “அதுக்குப் பிறகு தங்கம் எத்தினை மடங்கு ஏறிப்போச்சு, பதினெட்டு விலைக்கு வித்தாலும் உங்களுக்கு லாபந்தானே அம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

“எனக்கு லாபமெண்டா, அவனுக்கு எவ்வளவு பிள்ளை?” என்று கேட்டார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. “நீங்கள்தானே அண்டைக்கு மீற்றிங்கில சொன்னனீங்கள், முத்திரையைப் பாத்து வாங்குங்கோ எண்டு. நான் பாத்துத்தான் வாங்கினனான்” என்றும் சொன்னார். அவர் சொன்னது உண்மை. சமூகவியலில் பட்டம் பெற்று, வேலைக்கு வந்த புதிதில், பெண்களின் சேமிப்பைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசியவள் நான். அந்த முத்திரையை யார் குத்துகிறார்கள் என்பது அன்று எனக்கே தெரியாது. அன்று மாலை வீட்டுக்குப் போய்த் தேடத் தொடங்கியதும், பின்னர் பத்தர் ஒருவரின் பட்டறையில் குந்தியிருந்து கேட்டதுமே இங்கே எழுதப்படுகிறது.

எமக்கு நகை என்பது என்ன

எம்மவர்க்கு நகை ஆடம்பரம் என்று வெளியிலிருந்து வருகிற சிலர் எழுதுகிறார்கள். இடம்பெயர்ந்தவர்களைக் கேட்டால் வேறு கதை வரும். வீட்டையும் கிணற்றையும் தென்னையையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. உடம்போடு வந்தது நகை ஒன்றுதான். 2009 இல் எனக்குப் பதினாறு வயது. அம்மா தாலிக்கொடியைப் பாவாடைக் கரைக்குள் வைத்துத் தைத்திருந்தார். கையிலிருந்த சோடிக் காப்பு அரிசிக்கும் பால்மாவுக்கும் போனது. அன்று எவரும் அதன் கரட்டைக் கேட்கவில்லை, நிறுக்கவும் இல்லை.

அப்படி எல்லாம் போன பிறகு, சீட்டுப் பிடித்தும் கோழி விற்றும் மீண்டும் ஒரு பவுண், அரைப் பவுண் என்று சேர்க்கிறோம். வங்கிக் கணக்கை விடக் கழுத்தில் கிடப்பதை நம்புகிறோம். அப்படியானால் கழுத்தில் கிடப்பது என்னவென்று தெரிந்திருக்க வேண்டாமா?

எண்களின் கணக்கு

சுத்தத் தங்கம் 24 கரட். அது மிக மெதுவானது, நகை செய்தால் வளைந்து போகும். ஆகவே செம்பும் வெள்ளியும் சேர்க்கிறார்கள். 24 பங்கில் 22 பங்கு தங்கமும் 2 பங்கு வேறு உலோகமும் இருந்தால் அது 22 கரட். இதையே ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று சொல்வது இன்னொரு முறை. 22 ஐ 24 ஆல் பிரித்து ஆயிரத்தால் பெருக்கினால் 916 வரும். கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் ‘916’ என்பதும் 22 கரட் என்பதும் ஒன்றே. அது ஏதோ மேலதிக தரம் என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். இதே கணக்கில் 21 கரட் 875, 18 கரட் 750, 14 கரட் 585, 9 கரட் 375. நகையில் 925 என்று இருந்தால் அது வெள்ளி. மேலே மஞ்சளாக மினுங்கினாலும் வெள்ளிக்குத் தங்கமுலாம் பூசியதுதான்.

நாங்கள் ‘பவுண்’ என்று நிறுப்பது 8 கிராம். ஆங்கிலேயரின் ஒரு பவுண் தங்க நாணயத்திலிருந்து வந்த பழக்கம் இது. அந்த நாணயமும் 22 கரட், எடை 8 கிராமுக்கு ஒரு மயிரிழை குறைவு. பவுண் என்பது எடையை மட்டுந்தான் சொல்லும், தரத்தைச் சொல்லாது. இரண்டு பவுண், அதாவது 16 கிராம் சங்கிலி 22 கரட்டாக இருந்தால் அதற்குள் சுத்தத் தங்கம் 14.67 கிராம். அதே 16 கிராம் 18 கரட்டாக இருந்தால் 12 கிராம். தராசில் இரண்டும் ஒன்றாகத்தான் நிற்கும். அந்த அக்காவின் சங்கிலியில் இல்லாமற்போனது 2.67 கிராம் சுத்தத் தங்கம். 22 கரட் கணக்கில் பார்த்தால் மூன்றில் ஒரு பவுணுக்கும் மேல். அவருடைய மாடு எத்தனை நாள் கறந்த பால் அது என்று கணக்குப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

முத்திரை யாருடையது?

இங்கேதான் நான் அன்று தவறியது. நகையில் இரண்டு விதமான குத்துகள் இருக்கலாம். ஒன்று, செய்தவரோ விற்றவரோ தாமே குத்துவது. மற்றது, விற்பவரோடு சம்பந்தமில்லாத மூன்றாமவர் சோதித்துப் பார்த்துக் குத்துவது. பின்னையதற்கே ‘ஹோல்மார்க்’ என்று பெயர். ‘ஹோல்’ என்றால் மண்டபம். இங்கிலாந்தில் 1300 ஆம் ஆண்டிலேயே முதலாம் எட்வேர்ட் மன்னன் காலத்தில் பொன், வெள்ளிப் பொருட்களின் தரம் சட்டமாக்கப்பட்டது. 1478 முதல் இலண்டன் தட்டார்கள் தாம் செய்தவற்றைத் தங்கள் சங்க மண்டபத்துக்குக் கொண்டுவந்து சோதித்து முத்திரை பெற வேண்டும் என்றாயிற்று. மண்டபத்தில் இட்ட குறி, ஹோல்மார்க்.

செய்தவர் தாமே குத்தும் ‘22’ ஒரு வாக்குமூலம் மாத்திரமே. நல்ல பத்தர் குத்தினால் அது உண்மை, கள்ளர் குத்தினால் பொய். எண் குத்தும் உளியும் சுத்தியலும் எவரிடமும் இருக்கலாம். எங்கள் பகுதிக் கடைகளில் நான் பார்த்த உள்ளூர் நகைகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது இந்தச் சொந்தக் குத்துத்தான். இதனால் எல்லாக் கடைக்காரரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பரம்பரையாக இத்தொழில் செய்து, தங்கள் பெயரின் இரண்டு எழுத்தைக் குத்தி, இருபது வருடம் கழித்துக் கொண்டுபோனாலும் “இது அப்பா செய்தது” என்று திருப்பி எடுக்கிற பத்தர்மார் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருக்கிறார்கள். அந்த எழுத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது அந்த மனிதருக்கும் அந்தக் கடைக்கும் உள்ள மதிப்பு. இன்னொரு கடையில் அது செல்லாது.

எங்கள் சங்கத்தில் ஒரு நாள் பூதக்கண்ணாடி ஒன்றை வைத்து எல்லோருடைய நகையையும் பார்த்தோம். உலகப்படம் போல இருந்தது. குவைத்தில் வீட்டுவேலை செய்து திரும்பிய தங்கை ஒருத்தியின் மோதிரத்தில் 875. வளைகுடா நாடுகளில் 21 கரட் சாதாரணம், ஆகவே அது ஏமாற்று அல்ல. ஜேர்மனியிலிருந்து அண்ணன் அனுப்பிய சங்கிலியில் 585. அவர் பத்து வருடமாக அதை 22 என்றே நினைத்திருந்தார், பாவம். அங்கே 333 என்ற குத்தும் உண்டு, அது 8 கரட். அண்ணன் ஏமாற்றவில்லை, அந்த நாட்டு வழக்கம் அது. ஆனால் மகளின் சீதனக் கணக்கில் அதை 22 என்று எழுதினால் நாளைக்குச் சம்பந்திவீட்டில் சண்டை வரும்.

இலண்டனிலிருந்து வந்த சோடித் தோட்டில் 375 உடன் சின்ன நங்கூரம் ஒன்று இருந்தது. “இது கப்பல்காரர் போடுற தோடோ?” என்று ஓர் ஆச்சி கேட்டார். நங்கூரம் பேர்மிங்ஹாம் நகரச் சோதனைச் சாலையின் குறி. இலண்டனுக்குச் சிறுத்தைத் தலை, ஷெஃபீல்ட் நகருக்கு ரோஜாப்பூ, எடின்பரோவுக்குக் கோட்டை. தங்கம் 9 கரட்தான் என்றாலும், அது 9 கரட் என்பதை மூன்றாமவர் சோதித்துச் சொல்லியிருக்கிறார். அந்தத் தோட்டின் வார்த்தையை நம்பலாம்.

தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பி வந்தவர்களிடம் ‘916 கே.டி.எம்.’ என்று குத்திய நகைகள் இருந்தன. கே.டி.எம். என்பதைத் தர முத்திரை என்று பலர் நம்புகிறார்கள். அது கட்மியம் என்ற உலோகத்தின் பெயர்ச் சுருக்கம். பழைய முறையில் செம்பு கலந்த பற்றாசினால் ஒட்டும்போது நகையின் கரட் குறைந்தது. கட்மியம் கலந்து ஒட்டினால் அவ்வளவு குறையாது. அதனால் அப்பெயர் விளம்பரமானது. கட்மியப் புகை ஊதுகிறவரின் நெஞ்சைப் பழுதாக்கும் நஞ்சு. ஒட்டிய விதத்தைத்தான் அந்த மூன்றெழுத்து சொல்கிறது, எவரும் சோதித்தார்கள் என்று சொல்லவில்லை.

இந்தியாவில் தங்க நகைக்கான ஹோல்மார்க் முறையை இந்தியத் தர நிர்ணய நிறுவனமான பி.ஐ.எஸ். 2000 ஆம் ஆண்டில் தொடங்கியது. 2021 இல் அதைக் கட்டாயமாக்கத் தொடங்கினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அங்கே கடைகளில் விற்கும் நகைகளில் பி.ஐ.எஸ். முக்கோணச் சின்னம், ‘22கே916’ போன்ற தரக்குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். 2 கிராமுக்குக் குறைந்தவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த ஆறு இலக்கம் நகைக்கு நகை வேறுபடும். ‘பி.ஐ.எஸ். கெயர்’ என்ற கைத்தொலைபேசிச் செயலியில் அதை இட்டால் அந்த நகையின் விபரம் வரும். சென்னையிலிருந்து உறவினர் வாங்கி வருகிறார் என்றால், இந்த மூன்றையும் பார்த்து வாங்கும்படி முதலே சொல்லிவிடுங்கள்.

எமது நாட்டில் நகைகளைச் சோதித்து முத்திரையிடும் பணி, 1993 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபைக்கு உண்டு. அதன் தலைமையகம் கொழும்பில். முல்லைத்தீவிலிருந்து ஒரு சங்கிலியைக் கொண்டு பஸ் ஏறி அங்கே போய்வரும் செலவை யார் தருவது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. எல்லா மாவட்டத்திலும் இந்த வசதி வேண்டும் என்று கேட்பது எமது உரிமை. அதுவரை வாங்கும் இடத்திலேயே கவனமாக இருப்பதுதான் வழி.

சோதனைகள்

காந்தம் ஒட்டாவிட்டால் தங்கம் என்று நம்ப வேண்டாம். செம்பிலும் வெள்ளியிலும் பித்தளையிலும்கூடக் காந்தம் ஒட்டாது. பத்தரின் உரைகல் பழைய முறையானாலும் கெட்டிக்காரர் கையில் நல்ல முறை. நகையைக் கல்லில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தரம் தெரிந்த தங்க ஊசியால் இன்னொரு கோடு இழுத்து, இரண்டிலும் அமிலம் விட்டு நிறத்தை ஒப்பிடுவார். இப்போது சில கடைகளில் எக்ஸ் கதிர் பாய்ச்சிக் கரட் காட்டும் இயந்திரம் இருக்கிறது. நகைக்குச் சேதமில்லை, ஆனால் அது மேற்பரப்பைத்தான் படிக்கும். தடிப்பாக முலாம் பூசியிருந்தால் ஏமாறும். மிகத் திருத்தமானது, சிறு துணுக்கைச் சுரண்டி ஈயத்துடன் உலையில் உருக்கிப் பார்ப்பது.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். ‘பொடி வைத்து ஊதுவது’ என்று நாம் கேலியாகச் சொல்வது பட்டறையில் உண்மையான வேலை. நுண்ணிய சங்கிலியில் ஒவ்வொரு வளையத்துக்கும் பற்றாசு வைத்து ஊத வேண்டும். அதன் தரம் குறைவென்பதால், 22 கரட் தங்கத்தில் நேர்மையாகச் செய்த சங்கிலியும் உருக்கும்போது கொஞ்சம் குறைத்துக் காட்டலாம். 22 என்றது 21 ஆக வந்தால் அதற்கு விளக்கம் இருக்கலாம். 18 ஆக வந்தால் விளக்கம் இல்லை. கல் வைத்த அட்டியல், பதக்கங்களில் கல்லின் எடையும் உள்ளே நிரப்பிய அரக்கின் எடையும் தங்கத்தோடு சேர்த்து நிறுக்கப்படுவதையும் கவனிக்க வேண்டும். விற்கும்போது கழிப்பவர்கள் வாங்கும்போது கழிப்பதில்லை.

கடதாசி

நகை வாங்கியதும் நாங்கள் பெட்டியைப் பத்திரப்படுத்துகிறோம், கடதாசியைக் கசக்குகிறோம். உண்மையில் கடதாசிதான் முத்திரையின் மற்றப் பாதி. நுகர்வோர் கேட்டால் விற்பவர் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. அதில் கிராமில் எடை, கரட், கல் இருந்தால் கல்லின் எடை, செய்கூலி, சேதாரம் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். “உங்களுக்கு எங்களில நம்பிக்கை இல்லையோ?” என்று கேட்பார்கள். நம்பிக்கை இருக்கிறபடியால்தான் வாங்குகிறோம், பிள்ளைகளுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிற கடையில் நான் வாங்க மாட்டேன். முறைப்பாடு செய்வதானால் அந்த அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977.

அடைவு வைப்பதிலும் ஒரு பயன் உண்டு. வங்கி தன் காசைப் பாதுகாக்க உங்கள் நகையை உரைத்து நிறுத்துத்தான் கடன் தரும். அடைவுச் சீட்டில் எடையும் தரமும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். மீட்கும்போது சீட்டைத் திருப்பிக் கொடுக்கிறோம் அல்லவா? அதற்கு முன் ஒரு போட்டோப்பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சங்கிலியை விற்கலாமா என்று மைத்துனரையும் மாமனாரையும் கேட்டுத் தவிக்கும் பெண்களைக் காண்கிறேன். வடமாகாணத்தில் தேசவழமைக்கு உட்பட்ட பெண்கள் தமக்குச் சொந்தமான காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது உண்மை, அது வேறொரு நாள் சண்டை பிடிக்க வேண்டிய விடயம். ஆனால் நகை போன்ற அசையும் சொத்தை அவர் சம்மதமின்றியே கையாளலாம் என்று 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமை, வழியுரிமைக் கட்டளைச்சட்டமே சொல்கிறது.

2025 மே மாதம், யுத்தத்தின் இறுதிக் காலத்தில் வன்னியில் மீட்கப்பட்ட தங்க, வெள்ளி நகைகளை இராணுவம் பொலிஸாரிடம் கையளித்த செய்தி வந்தது. அந்த வாரம் எங்கள் கூட்டங்களில் வேறு பேச்சே இல்லை. அக்காலத்தில் வன்னியில் அடைவு வைத்தவர்கள், விட்டுவிட்டு ஓடியவர்கள் எல்லோரும் தங்கள் நகையை நினைத்தார்கள். “உங்கட நகையை எப்பிடி அடையாளம் சொல்லுவீங்கள்?” என்று கேட்டேன். “தாலிக்கொடி, ஏழு பவுண்” என்றார் ஒருவர். ஏழு பவுண் தாலிக்கொடி எத்தனை ஆயிரம் பேரிடம் இருந்தது! ஓர் அம்மா மாத்திரம் வேறு விதமாகச் சொன்னார். “கொழுக்கியின்ர உள்பக்கம் பத்தற்ர ரண்டெழுத்து இருக்கும். அதுக்குப் பக்கத்தில, பிள்ளை தவழேக்க கடிச்ச பல்லடையாளம்.” நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு அனுமதி கிடைத்த மகளின் சங்கிலி விற்கப்படவில்லை. வங்கியில் அடைவு வைத்துத்தான் விடுதிக்குப் பணம் கட்டினார்கள். சீட்டின் பிரதி ஒன்று என்னிடமும் இருக்கிறது. அந்த அக்கா வாங்கிய கடைக்கு மேல் முறைப்பாடு எழுதியிருக்கிறார், நான் எழுதிக் கொடுக்கவில்லை, அவரே எழுதினார். கடை தான் விற்ற சங்கிலி இதுவல்ல என்று சொல்லலாம். ‘சங்கிலி 1’ என்ற பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு அதை மறுப்பது கடினம் என்று அவருக்கும் தெரியும்.

இப்போது சங்கத்தில் ஆளுக்கொரு பயிற்சிக் கொப்பி வாங்கியிருக்கிறோம். ஒரு பக்கத்துக்கு ஒரு நகை. எங்கே, எப்போது வாங்கியது, எத்தனை கிராம், என்ன குத்து, யார் செய்தது, என்ன தழும்பு. பற்றுச்சீட்டைப் பக்கத்தில் ஒட்டி, முடிந்தவர்கள் கைத்தொலைபேசியில் படமும் எடுத்து, பிள்ளைகளின் தொலைபேசிக்கும் அனுப்புகிறார்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பத்தர் தன்னுடைய தராசையும் உரைகல்லையும் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். தேநீர் மட்டும் நாங்கள் கொடுக்க வேண்டுமாம்.